வாங்காத சன்மானம்

அப்பாவுக்கு மின்சார அலுவலகத்தில் கணக்கெடுக்கும் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். வாசலில் நின்று "கரண்டு" என்று ஒரு குரல் கொடுப்பார். நாளடைவில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் கரண்டு சார். நான் கரண்டு சார் பொண்ணு.

மீட்டர் பெட்டி வீட்டுக்குள்ளும் இருக்காது, வெளியிலும் இருக்காது. மாடிப்படிக்குக் கீழே, செருப்பு கழற்றும் இடத்தில், நடையில் ஓர் ஓரமாக இருக்கும். அங்கே வந்து நிற்கிறவரை யாரும் ஓர் ஆளாக நினைப்பதில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்தால் தொடர்ந்து சண்டை போடுவார்கள். அழுதுகொண்டிருந்தால் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி அழுவார்கள். அப்பா எண்ணைக் குறித்துக்கொள்வார். மற்றதை மனதில் போட்டுக்கொள்வார். அது கதையாகும்.

கதைகள் எல்லாம் ஒரே மாதப் பத்திரிகையில்தான் வந்தன. அதை நடத்தியவரை நாங்கள் ஆசிரியர் என்போம். அவர் எதிரில் இருக்கும்வரைதான் அம்மாவுக்கும் அவர் ஆசிரியர். படியிறங்கிவிட்டால் ஓசியாசிரியர். அந்தப் பத்திரிகை யாருக்கும் சன்மானம் கொடுத்ததில்லை. எழுதியவருக்கு இரண்டு பிரதி. அதுவும் சும்மா வராது. இதழ் அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அங்கே போய் மடிக்க வேண்டும், பசை தடவ வேண்டும், தபால்தலை ஒட்ட வேண்டும். தன் கதையைத் தானே மூட்டையாகக் கட்டித் தபால் நிலையத்தில் போட்டுவிட்டு, விரலெல்லாம் பசையோடு வீட்டுக்கு வருவார். முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

அம்மா பள்ளிச் சீருடைகள் தைப்பவள். தையல் மிதியிலிருந்து காலை எடுக்காமலே கேட்பாள்.

"என்னங்க, வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"எவ்வளவு குடுத்தான்?"

"ரெண்டு காப்பி."

"வறுத்துத் தின்னலாமா, வேக வெச்சுத் தின்னலாமா?"

அப்பா சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள்.

"நான் ஒரு பட்டன் தெச்சுக் குடுத்தாலே காசு வாங்குறேன். நீங்க இத்தனை பக்கம் எழுதிக் குடுக்கறீங்க."

"பட்டனும் கதையும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான். பட்டன் இல்லாட்டி சட்டை போட முடியாது. கதை இல்லாம இந்தத் தெருவுல யாரு அம்மணமா நிக்கிறா?"

இந்தப் பேச்சு மாதாமாதம் நடக்கும். சில மாதம் பட்டனுக்குப் பதில் பட்டன் துளைக் காஜா வரும். நான் பொறியியல் படித்து லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் சேர்ந்த பிறகு என்னையும் அம்மா சாட்சிக்கு இழுத்துக்கொண்டாள். லிஃப்ட் நின்றால் கூப்பிடுகிறார்கள், போகிறேன், சரி செய்கிறேன், பில் போகிறது. லிஃப்ட் கதவில் உன் பெயரைப் போடுகிறோம், பத்து மாடிக்காரர்களும் பார்ப்பார்கள், அதுதான் கூலி என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் ஊழியர்கள் பாதி வழியில் லிஃப்டை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

"நீங்க ஒரு தடவையாவது கேளுங்கப்பா" என்று நான் சொல்லியிருக்கிறேன்.

"கேட்டு, அடுத்த மாசம் வேணாம்னு சொல்லிட்டா?"

அவ்வளவுதான் அவர் பயம்.

அப்பா ஓய்வு பெறவிருந்த வருடம் பத்திரிகைக்கு ஒரு புரவலர் கிடைத்தார். பெயின்ட் கம்பெனி முதலாளி. நல்ல மனிதர். எழுதுகிறவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு ஒரு தொகை கொடுத்தார். ஆசிரியர் அச்சகத்தில் பாக்கி வைத்திருந்தார், காகிதக் கடையில் பாக்கி வைத்திருந்தார். புரவலர் கொடுத்தது அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் புரவலர் பார்க்க வேண்டுமே. அதனால் முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டார்: நமது பத்திரிகை எழுத்தாளர்களுக்குச் சன்மானம் வழங்குகிறது. கீழே பெயர்கள். அதிகம் எழுதியவர் என்பதால் அப்பாவின் பெயர் முதலில்.

அப்பாவிடம் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா தடுத்திருப்பார். ஏனென்றால் அப்பாவின் அலுவலகத்தில் ஒரு விதி இருக்கிறது. ஊழியர் கதை எழுதலாம், கவிதை எழுதலாம். அதற்குக் காசு வாங்குவதானால் முன்அனுமதி பெற வேண்டும். அனுமதி இல்லாமல் வாங்கினால் வாங்கியதை முழுவதும் அலுவலகத்தில் கட்ட வேண்டும். அப்பா எந்தக் காலத்திலும் அனுமதி கேட்டதில்லை. காசு கொடுக்கிறவர் இருந்தால்தானே அனுமதி கேட்க.

யாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்து மொட்டைக் கடிதத்தோடு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணைக்கு வரும்படி அப்பாவுக்கு ஓலை வந்தது.

விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவை வண்டியில் ஏற்றி ஆசிரியர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். நல்ல வார்த்தை பேசும் எண்ணத்தில் நான் போகவில்லை. அது இரண்டு அறை. ஒன்றில் காகிதம், இன்னொன்றில் காகிதத்துக்கு நடுவே கட்டில். ஆசிரியரின் மனைவி கட்டிலில் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, உட்கார இடம் இல்லாததால் தானே வெளியே போய் நின்றுகொண்டார். ஆசிரியர் சட்டைக் காலர் திருப்பித் தைக்கப்பட்டிருந்தது. அம்மாவிடம் வேலை கற்றவள் என்பதால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கொண்டுபோன கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியைக் கொண்டு பேசினேன்.

"நீங்க குடுக்கலைன்னு எழுதிக் குடுங்க சார்."

"குடுத்துடறேன்மா. இப்பவே எழுதறேன். அண்ணே, தப்புப் பண்ணிட்டேன்."

"அந்தப் பெயின்ட்காரர்?" என்றார் அப்பா.

"பணத்தைத் திரும்பக் கேட்பார். கேட்கட்டும்."

"எதை வித்துக் குடுப்பே?"

ஆசிரியர் சுற்றிப் பார்த்தார். விற்க இருந்ததெல்லாம் பழைய இதழ்கள்.

"பத்திரிகை நின்னுடும்" என்று வாசலில் இருந்து அவர் மனைவி சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பது போலச் சொன்னார்.

அப்பா எழுந்துவிட்டார். "இருப்பா, எழுத வேணாம். விசாரணைன்னா வாயாலதான் கேட்பாங்க. வாங்கலைன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. உண்மைதானே."

ஆசிரியர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். விடும்போது சொன்னார், "அண்ணே, அடுத்த இதழுக்கு..."

"அனுப்பறேன்" என்றார் அப்பா.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டுத் தெருவிலேயே கத்தலாம் போல இருந்தது. கத்தவில்லை. விசாரணையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் வேலை தப்பும், ஓய்வூதியம் தப்பும். அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிட வேண்டும். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று இருந்தேன்.

விசாரணை அறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. சாத்தினால் மறுபடி திறந்துகொள்ளும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. உள்ளே அப்பா, அப்பாவுக்குத் துணையாகத் தொழிற்சங்கத் தலைவர், எதிரே விசாரணை அதிகாரி. அதிகாரிக்கு என்னைவிடச் சில வயது கூட இருக்கலாம். கையில் அப்பாவின் கதை வந்த இதழை வைத்திருந்தார்.

"நீங்க எழுதினதா சார்?"

"ஆமாங்க."

"படிச்சேன். மீட்டர் பெட்டிக்குள்ள பல்லி முட்டை வெச்சிருக்கு. அந்த வீட்டம்மா பெட்டியைத் திறக்கவே விடமாட்டேங்குறாங்க. நம்ம ஆளும் போன மாசக் கணக்கையே எழுதிக்கிட்டுப் போயிடறாரு. அப்புறம்?"

"அவ்வளவுதாங்க கதை."

"குஞ்சு பொரிச்சுதா இல்லையா?"

"அது கதையில இல்லீங்க."

"சரி." நாற்காலி நகரும் சத்தம். "சார், உங்களைச் சிக்க வைக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல மாலை போட்டு அனுப்பப் போறோம். கேஸ் வந்துடுச்சு, கேட்டுத்தான் ஆகணும். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இதுக்கெல்லாம் யாருங்க காசு குடுப்பா? பத்திரிகைக்காரங்க ஜம்பத்துக்குப் போட்டிருப்பாங்க. எதுவும் வாங்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எழுதி மூடிடறேன்."

இதழை மூடி மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க சார்" என்றார் தலைவர்.

"வாங்கினேன்" என்றார் அப்பா.

லிஃப்டில் ஒரு பிடிப்பான் உண்டு. கீழே போகும் வேகம் அளவுக்கு மீறினால் அது தானாகவே இருபக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு குலுக்கல், அவ்வளவுதான். அந்த அறையில் அப்படி எதுவும் இல்லை.

"சார், யோசிச்சுச் சொல்லுங்க. இந்த ஒரு இதழுக்குத்தானே?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க. முதல் கதையிலிருந்தே."

"முதல் கதையிலிருந்தா?"

"இடையில வாங்க ஆரம்பிச்சேன்னா, முன்னாடி எழுதினது ஓசின்னு ஆயிடுமே. எல்லாத்துக்கும் வாங்கினேன்."

தலைவர் ஏதோ முணுமுணுத்தார். காலால் உதைத்ததாகவும் அப்பா காலை நகர்த்திக்கொண்டதாகவும் பிறகு சொன்னார்.

"ஒரு கதைக்கு எவ்வளவு?" என்று கேட்டார் அதிகாரி. அவர் குரலே இறங்கிவிட்டது.

அதுவரை அம்மாவைத் தவிர யாரும் அப்பாவிடம் அதைக் கேட்டதில்லை. அவர் ஒரு தொகை சொன்னார். அது அவருடைய அரை மாதச் சம்பளம்.

"ஒரு கதைக்கா?"

"நல்ல கதைங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். வேறு வழி அவருக்கும் இல்லை. அப்பா மொத்தம் எத்தனை கதை எழுதியிருந்தார் என்று எனக்குத் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தபடியே பெருக்கிப் பார்த்தேன். தப்பாகப் பெருக்கிவிட்டேனோ என்று மறுபடி பெருக்கினேன்.

வெளியே வந்ததும் தலைவர் அப்பாவைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"என் சர்வீஸ்ல வாங்கினவன் வாங்கலைன்னு சொல்லி நிறையப் பார்த்திருக்கேன். அவனுக்கு எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும். வாங்காத மனுஷன் வாங்கினேன்னு சொன்னா நான் என்னன்னு வாதாடுவேன்? சங்கத்துல உங்களுக்குன்னு தனியா ஒரு கட்சி ஆரம்பிக்கணும் போலிருக்கே."

"மாத்திச் சொல்ல முடியாதாங்க?" என்று கேட்டேன்.

"மாத்திச் சொன்னா, விசாரணையில பொய் சொன்னார்னு ஆகும்மா. அதுக்கு வேலையே போயிடும். இது கட்டறதோட போச்சு." யோசித்துவிட்டு, "கட்ட முடிஞ்சா" என்றார்.

வீட்டு வாசலில் அப்பா வண்டியிலிருந்து இறங்கும்போது சொன்னார்: "அந்த அதிகாரி நல்லவர்மா. திட்டியிருந்தா வாங்கலைன்னு சொல்லியிருப்பேன். நல்ல மனசோட ஒருத்தர் சொல்றார், இதுக்கெல்லாம் யாருங்க காசு குடுப்பான்னு. ஆமாங்கன்னு எப்படிச் சொல்றது?"

விஷயத்தைக் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டாள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எழுதினதுக்கு ஊர்ல காசு வாங்குவாங்க. நம்ம வீட்டுல எழுதினதுக்குக் காசு கட்டுவாங்களாம்." பிறகு எவ்வளவு என்று கேட்டாள். நான் சொன்னேன். ஊசிக்குக் கீழே இருந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

உத்தரவு வந்தது. தொகையைக் கட்டும்வரை ஓய்வூதியம் இல்லை, சேமிப்பு இல்லை, எதுவும் இல்லை. வர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கேட்டோம். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. முதலில் கட்ட வேண்டும், பிறகுதான் கோப்பு நகரும். அப்பா மாலை இல்லாமல் ஓய்வு பெற்றார்.

என் சம்பளம் வீட்டு வாடகைக்கும் படிப்புக்கு வாங்கிய கடனுக்கும் சரியாக இருந்தது. நிறுவனத்தில் கடன் கேட்கிறேன் என்றேன், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா கூடுதலாக இரண்டு பள்ளிக்கூடங்களின் வேலையைப் பிடித்துக்கொண்டாள். முதுகு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு தைத்தாள். அப்பா வீட்டில் இருக்கக் கூசினார். பழைய பழக்கத்தில் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். யார் வீட்டு வாசலிலும் குரல் கொடுக்க முடியாது. தெருக்களைச் சுற்றிவிட்டு வருவார். கால் வீங்கியிருக்கும்.

ஒரு நாள் புதுக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, "கூட்டிக்கிட்டுப் போறியாம்மா?" என்றார். காசு கொடுக்கும் பெரிய பத்திரிகை ஒன்று இருந்தது. எல்லாக் கடையிலும் தொங்கும். அங்கே விற்க வேண்டும் என்றார். "நான் சொன்ன விலைக்கு ஒண்ணாவது வித்துட்டேன்னா, சொன்னது பொய்யாகாது பாரு."

நான் கண்ணாடிக் கட்டடத்தின் கீழே வண்டியில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் எங்கள் நிறுவனம் போட்டது. அப்பா அதில் ஏறிப் போனார். திரும்பி வந்தபோது கை வெறுங்கையாக இருந்தது.

"கதை எங்கேப்பா?"

"குடுத்துட்டேன்."

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க. சின்ன வயசுப் பையன். என் பேரை எங்கயோ படிச்சிருக்கானாம். சார் சார்னு உருகிட்டான்."

"எவ்வளவு தரேன்னாங்க?"

அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "இப்போ சன்மானம் நிறுத்திட்டாங்களாம். ஆனா லட்சம் பேர் படிக்கிறாங்களாம்."

"அப்போ திருப்பி வாங்கிட்டு வர வேண்டியதுதானே?"

"நல்லா இருக்குன்னு சொன்னாம்மா. நல்லா இருக்குன்னு சொன்னவன் கையிலேர்ந்து எப்படிப் பிடுங்கறது?"

வண்டியைக் கிளப்பினேன். முன்னால் போன பேருந்தை முந்தினேன், எதற்கென்றே தெரியாமல். பின்னாலிருந்து அப்பா என் தோளைத் தட்டி, "மெதுவா போம்மா" என்றார். அந்தக் கதை இன்றுவரை அந்தப் பத்திரிகையில் வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பா எழுதவில்லை. ஆசிரியர் இரண்டு முறை ஆள் விட்டுப் பார்த்தார், பிறகு தானே வந்து பார்த்தார். அப்பா அவரோடு பேசிக்கொண்டிருந்தார், கதை மட்டும் கொடுக்கவில்லை. "தோண மாட்டேங்குதுப்பா. ஒவ்வொரு வரி எழுதும்போதும் இதுக்கு எவ்வளவுன்னு மனசு கேட்குது" என்றார். சில வாரம் கழித்து ஒரு காலையில் வெளியே கிளம்பியவர், செருப்பு மாட்டக் குனிந்தார். நிமிரவில்லை. அம்மா தையல் இயந்திரத்தில் இருந்ததால் சத்தம் கேட்கவில்லை. நான் வேறொரு பகுதியில் லிஃப்ட் குழியில் இறங்கியிருந்தேன். கைபேசி எடுக்காத இடம்.

மருத்துவமனையில் இருதயம் என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அதே விசாரணை அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அலுவலக வண்டியில் வரவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மீட்டர் பெட்டிக்குக் கீழேயே நின்றார். உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

"சார் இருந்தப்போ மாத்தினா அவர் வேலைக்கு ஆபத்து, அப்புறம் ஓய்வூதியத்துக்கும் ஆபத்து. இனிமே அவரை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. பத்திரிகைக்காரர் காசு குடுக்கலைன்னு எழுதிக் குடுக்கணும். என் வீட்டுக்காரர் தெரியாம தப்பாச் சொல்லிட்டார்னு அம்மா ஒரு கையெழுத்துப் போடணும். கட்ட வேண்டியதே இல்லை. குடும்ப ஓய்வூதியம் அடுத்த மாசமே வந்துடும். நானே பார்த்துப் பண்ணித் தரேன்." கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "அன்னைக்கு நான் கேட்ட விதம் சரியில்லைங்க."

ஆசிரியரைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. கேள்விப்பட்டு அவரே கடிதத்தோடு வந்துவிட்டார். புரவலரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். புரவலர் ஒன்றும் கேட்கவில்லையாம். இனிமேல் கொடுப்பதில்லை என்று மட்டும் சொன்னாராம். இதை முன்பே செய்திருக்கலாம். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொண்டு அழுதார்.

ஆக எல்லாம் தயாராக இருந்தது. அம்மாவின் கையெழுத்துதான் பாக்கி. நான் பேனாவை நீட்டினேன்.

"போட மாட்டேன்" என்றாள் அம்மா.

நான் அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். முதலிலிருந்து விளக்கினேன்.

"எனக்குப் புரியுதுடி. காலம் பூரா நான் கேட்ட கேள்வி அது ஒண்ணுதான். எவ்வளவு குடுத்தான், எவ்வளவு குடுத்தான்னு. கடைசியா ஒரு நாள், ஒரு ஆபீசர் எதிர்ல, அந்த மனுஷன் ஒரு தொகையைச் சொன்னாரு. அதை இல்லைன்னு சொல்லி நான் கையெழுத்துப் போடணுமா?"

"அது பொய்ம்மா."

"பொய்னு எனக்குத் தெரியாதா? அவரோட குடும்பம் நடத்தினவ நான்."

"அந்தப் பொய்க்குக் கடன் வாங்கி வட்டி கட்டணும்."

"கட்டு. நான் தைக்கிறேன்."

"உன் முதுகைப் பார்த்தியா நீ? எதை வெச்சுத் தைப்பே?"

"நாட்டுல எல்லாரும் செத்த பிறகு புருஷனைப் பெரிய ஆளாக்குறாங்க. நீ என்னை அவரு ஓசிக்கு எழுதினாருன்னு எழுதிக் குடுக்கச் சொல்றே. வாங்கினேன்னு சொன்னாருல்ல. வாங்கினாரு. போ."

நான் கத்தினேன். அம்மாவும் கத்தினாள். வீட்டில் இவ்வளவு நாள் அழாமல் வைத்திருந்ததெல்லாம் அன்று கோபமாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் செய்வது சரி என்று எனக்குத் தெரியும். இப்போதும் அது மாறவில்லை. அம்மா செய்தது தப்பு. அந்தப் பணம் அவள் முதுகுக்கு வைத்தியம் பார்க்கப் போயிருக்க வேண்டிய பணம். ஆனால் கையெழுத்து அவளுடையது. அதை நான் போட முடியாது.

நிறுவனத்தில் என் சம்பளத்தின் மீது கடன் கேட்டேன். கொடுத்தார்கள். அப்பாவின் அலுவலகத்தில் காசாளர் ஜன்னலில் போய் நின்றேன். காசாளர் நடுவயதுப் பெண். உத்தரவை மேலிருந்து கீழே படித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"கதை எழுதிச் சம்பாதிச்ச பணமா இது?"

"ஆமாங்க."

"அடேயப்பா. எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான், என் தம்பி. எழுதறான், எழுதறான், ஒரு சல்லிக்காசு வந்ததில்லை. கேட்டா, இதுக்கெல்லாம் யாரும் குடுக்க மாட்டாங்கக்கான்னு சொல்றான். உங்கப்பா எப்படிங்க வாங்கினாரு?"

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நான் பணக்கட்டுகளை ஜன்னலுக்குள் தள்ளினேன்.

"கேட்டு வாங்கினார்" என்றேன்.

"அதான் பாருங்க. கேட்கணும். இவன் வாயைத் திறக்க மாட்டான்." எண்ணிக்கொண்டே அவர் தலையாட்டினார். "சொல்றேன் அவன்கிட்ட."

கோப்பு நகர்ந்தது. அப்பாவின் சேமிப்பு வந்தது, அம்மாவுக்கு ஓய்வூதியம் வருகிறது, எல்லாம் வந்த வேகத்தில் என் கடனுக்குப் போகிறது. அவள் இன்னும் தைக்கிறாள்.

போன மாதம் ஆசிரியர் வந்திருந்தார். புரவலர் போன பிறகு பத்திரிகை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அப்பாவின் கதைகளை ஒரே புத்தகமாகப் போட வேண்டும் என்றார். அச்சுச் செலவுக்கு நான்கைந்து நண்பர்களிடம் கேட்டு வைத்திருக்கிறார். பழைய இதழ்கள் அவரிடம் முழுதாக இல்லை, வந்த மழையில் பாதி போய்விட்டது. எங்கள் வீட்டில் எல்லாம் இருக்கிறது.

"சன்மானம்னு பெருசா எதுவும் முடியாதும்மா. புத்தகம் வந்தா அஞ்சு பிரதி தரேன்."

நான் ஒரு தொகை சொன்னேன். அப்பா சொன்ன அதே தொகை, ஒரு கதைக்கு.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்துகொண்டதும் தண்ணீர் கேட்டார். குடித்தார். அம்மாவிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கினார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியிருந்தது அவருக்கு.

"குடுத்திருக்கலாம்" என்றாள் அம்மா.

"நீயாம்மா சொல்றே?"

"அவரா இருந்தா குடுத்திருப்பாரு. நாலு பேரு படிச்சிருப்பாங்க."

"குடுத்துக் குடுத்துத்தான் போனாரு."

அம்மா நூலைக் கடித்து அறுத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அந்தக் கதைகளுக்கு உலகத்தில் காசு கொடுத்த ஒரே ஆள் நான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கிறேன். சில கதைகள் அந்த விலை பெறாது. சிலவற்றுக்கு அப்பா குறைத்துச் சொல்லியிருக்கிறார். என் கணிப்பு சரியா என்று ஒத்துப் பார்க்க வேறு யாராவது படிக்க வேண்டுமே. என்னைத் தவிர இப்போது அவற்றை யாரும் படிப்பதில்லை.